மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

மறதிநோய் பற்றி இந்தப் பகுதிக்கு வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே இருக்கின்றன: வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை வரும்போது எந்த இல்லத்தை நம்பிச் சேர்ப்பது? ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பதிலளிப்பவர் மறதிநோயாளர் பராமரிப்பு இல்லங்களில் பல ஆண்டுகள் செவிலியர் கண்காணிப்பாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கடிதம் எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 78. அல்சைமர் நோய் என்று கண்டறிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை அப்பாதான் பார்த்துக்கொண்டார். அவருக்கு 82 வயது. கடந்த இரண்டு மாதங்களில் அம்மா மூன்று முறை இரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். தேடிப்போன அப்பா ஒரு முறை தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நானும் தம்பியும் இரண்டு இல்லங்களைப் பார்த்துவிட்டு வந்தோம். ஒன்று புதிய கட்டடம். பளபளக்கும் தரை, பெரிய வரவேற்பறை, நீரூற்று, அறைக்கு ஒரு தொலைக்காட்சி. மற்றொன்று பழைய கட்டடம், அறைகள் சிறியவை, சுவர் வண்ணம் மங்கிப்போயிருக்கிறது. ஆனால் அங்கே ஒரு பணிப்பெண் வயதான அம்மா ஒருவருடன் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தம்பி முதல் இல்லத்தையே சொல்கிறான்; என் மனம் இரண்டாவதில் நிற்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: உங்கள் மனம் அங்கே நின்றதற்குக் காரணம் இருக்கிறது. இருந்தாலும் அந்தத் துணி மடிப்பை மட்டும் நம்பி முடிவெடுத்துவிடாதீர்கள். நீங்கள் எந்த நேரத்தில் போனீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. பெரும்பாலும் காலை 11 மணியாக இருந்திருக்கும், ஏனென்றால் இல்லங்கள் விருந்தினருக்கு ஒதுக்கும் நேரம் அதுதான். காலை 11 மணிக்கு எல்லா இல்லமும் நல்ல இல்லம்தான். குளிப்பாட்டல் முடிந்து, உடை மாற்றி, தலை வாரி எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்திருப்பார்கள். நோயாளர்களின் தெளிவும் அந்த வேளையில் சற்றுக் கூடுதலாக இருக்கும். பணியாளர்களும் முழு எண்ணிக்கையில் இருப்பார்கள்.

மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். வெளிச்சம் மங்கத் தொடங்கும் வேளையில் மறதிநோயாளர் பலருக்குப் பதற்றமும் குழப்பமும் கூடும். மருத்துவர்கள் இதைச் ‘சன்டவுனிங்’ என்பார்கள். உடலின் உள்கடிகாரம் குலைந்துபோவது, நாள் முழுதும் சேர்ந்த களைப்பு, நீளும் நிழல்களில் கண் ஏமாறுவது என்று இதற்குக் காரணங்கள் பல. “நான் வீட்டுக்குப் போகணும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருப்பாங்க” என்று கைப்பையை எடுத்துக்கொண்டு ஒருவராவது கதவருகே வந்து நிற்பார். அவருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்று கவனியுங்கள். “உங்க பிள்ளைகளுக்கு இப்போ அறுபது வயசு, போய் உட்காருங்க” என்ற பதிலைக் கேட்டால் நீங்கள் அந்த இல்லத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டுவிட்டீர்கள். பிள்ளைகளின் பெயரைக் கேட்டு, எந்த வகுப்பு என்று கேட்டு, பேசிக்கொண்டே அவருடன் இரண்டு சுற்று நடந்து, அவர் கால் ஓய்ந்ததும் நாற்காலியை இழுத்துப்போடுகிற பணியாளர் இருக்கும் இடத்தில் சுவர் வண்ணம் மங்கியிருந்தால் பரவாயில்லை.

கட்டடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தம்பிக்குப் பிடித்த அந்தப் பளபளப்பான தரை உங்கள் அம்மாவுக்கு எதிரி. மறதிநோய் நினைவை மட்டும் பாதிப்பதில்லை. கண் பார்ப்பதை மூளை புரிந்துகொள்ளும் விதத்தையும் பாதிக்கிறது. மின்னும் தரை ஈரத் தரையாகத் தெரியும்; வாசலில் விரித்த கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும், அதைத் தாண்டிக் குதிக்கப் பார்த்து விழுவார்கள். கண்ணாடியில் தெரியும் சொந்த முகத்தையே அந்நியர் என்று நினைத்து அஞ்சுபவர்களும் உண்டு. ஆகவே மங்கலான பூச்சுள்ள, ஒரே நிறத் தரை நல்லது. படுக்கையில் படுத்தபடியே கழிப்பறைக் கதவு கண்ணில் படுகிறதா, அந்தக் கதவு சுவரிலிருந்து வேறுபட்ட அழுத்தமான நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கழிப்பறையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாததாலேயே உடையை நனைத்துவிட்டு, அதன் பிறகு நிரந்தரமாக டயப்பருக்குப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையையும் பாருங்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளையாக எதையாவது வைத்தால் அது அவர்களுக்குத் தட்டோடு கலந்துவிடும். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், நோய் முற்றியவர்களுக்கு வெள்ளைத் தட்டுக்குப் பதிலாக அழுத்தமான சிவப்புத் தட்டு தந்தபோது அவர்கள் சாப்பிட்ட அளவு சுமார் 25 விழுக்காடு கூடியது. தட்டின் நிறத்தை யோசித்த இல்லம் வேறு பலவற்றையும் யோசித்திருக்கும்.

நீரூற்று நமக்காக, அதாவது பணம் கட்டுபவர்களுக்காகக் கட்டப்பட்டது. அம்மாவுக்கு வேண்டியது சுற்றி நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் ஒரு பாதையும், கூட்டம் குறைந்த ஒரு குழுவும்தான். நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே வேஸ்ப் என்ற ஊரில் 2009இல் திறக்கப்பட்ட ஹோகவெய்க் என்ற குடியிருப்பு இதில் உலகம் முழுதும் பேசப்படுகிறது. நோய் முற்றியவர்கள் அங்கே பெரிய வார்டுகளில் இல்லாமல் ஆறேழு பேராகச் சிறு வீடுகளில் வாழ்கிறார்கள். வெளியே தெரு, சதுக்கம், கடை எல்லாம் வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் அவர்களால் தங்கள் விருப்பப்படி நடமாட முடிகிறது. எல்லா இடத்திலும் அப்படிக் கட்ட முடியாது என்றாலும், நாற்பது பேரை ஒரே கூடத்தில் உட்கார வைத்துத் தொலைக்காட்சியை அலறவிடுவதைத் தவிர்க்க எந்த இல்லத்தாலும் முடியும்.

பணியாளர் எண்ணிக்கையைக் கேட்டால் மேலாளர் ஒரு நல்ல விகிதத்தைச் சொல்வார். அதில் அலுவலகத்தில் இருப்பவரும் சமையலறையில் இருப்பவரும் சேர்ந்திருக்கலாம். “இன்றைக்கு இரவு இரண்டு மணிக்கு இந்தத் தளத்தில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்?” என்று கேளுங்கள். உங்கள் அம்மா இரவில் எழுந்து நடப்பவர், எனவே உங்களுக்கு இந்தக் கேள்விதான் உயிர்நாடி. அடுத்து, தாழ்வாரத்தில் எதிர்ப்படும் பணியாளரிடம் எத்தனை காலமாக இங்கே வேலை செய்கிறார் என்று இயல்பாக விசாரியுங்கள். நால்வரிடம் கேட்டு நால்வருமே வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன என்றால் அங்கே ஏதோ சரியில்லை. மறதிநோயாளர்களுக்கு முகம் பழகவே நாளாகும். பழகுவதற்குள் ஆள் மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு நாளும் ஓர் அந்நியர் தம் உடையைக் கழற்ற வருவதாகவே அவர்களுக்குத் தோன்றும். குளிக்க மறுத்து அடிக்க வருபவர்களின் பயம் பெரும்பாலும் அதுதான். “குளிக்க மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள்?” என்ற கேள்விக்கு “இரண்டு பேராகப் பிடித்துக்கொள்வோம்” என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். விட்டுவிட்டு அரைமணி கழித்து வேறொருவர் போய்க் கூப்பிடுவோம், அன்றைக்கு ஈரத்துணியால் துடைத்துவிடுவோம் என்பவர்களிடம் உட்கார்ந்து பேசலாம்.

“போன மாதம் எத்தனை பேர் விழுந்தார்கள்?” என்றும் கேளுங்கள். ஒருவர்கூட விழவில்லை என்று பெருமையாகச் சொன்னால் நான் நம்ப மாட்டேன். நடக்க விட்டால் சிலர் விழத்தான் செய்வார்கள். யாருமே விழாத இல்லத்தில் கணக்கு எழுதப்படாமல் இருக்க வேண்டும், அல்லது யாரையும் எழுந்திருக்க விடாமல் இருக்க வேண்டும். மடியில் பலகை பூட்டிய நாற்காலிகளும் இருபுறமும் ஏற்றிவிட்ட கட்டில் தடுப்புகளும் கண்ணில் படுகின்றனவா என்று பாருங்கள்; கட்டில் தடுப்பின் மீது ஏறி விழுபவர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார்.

வாடையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஓர் அறையில் ஒரு வேளை சிறுநீர் வாடை இருந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். எந்த நேரம் போனாலும் தாழ்வாரம் முழுவதும் அதே வாடை, அல்லது அதை மறைக்க மூச்சை அடைக்கும் வாசனைத் தெளிப்பு என்றால் கை போதவில்லை என்று பொருள்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். நான் இருந்த ஓர் இல்லத்தில் பெரியவர் ஒருவர் தினமும் இரவு எழுந்து ஒவ்வோர் அறைக் கதவையும் இழுத்துப் பார்ப்பார். மற்றவர்கள் விழித்துக்கொண்டு கூச்சலிடுவார்கள். தூக்க மாத்திரை கொடுத்தோம். பகலெல்லாம் தலை தொங்கியபடி இருந்தார், இரவில் தள்ளாடியபடி மறுபடியும் கதவுகளை இழுத்தார். சேர்க்கைப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு நாள் பார்க்க வந்த மகளிடம் பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் அவர் முப்பது ஆண்டுகள் இரவுக் காவலராக இருந்தவர் என்று தெரிந்தது. அன்று இரவு பணியிலிருந்த பெண் ஒரு டார்ச் விளக்கை அவர் கையில் கொடுத்து, “வாங்க ஐயா, ரெண்டு பேருமா ஒரு சுற்று பார்த்துட்டு வந்துடலாம்” என்று கூட்டிப்போனாள். எல்லாக் கதவும் பூட்டியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, பதிவேட்டில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் விடியும்வரை தூங்கினார். மாத்திரையை மருத்துவர் படிப்படியாக நிறுத்திவிட்டார். ஆகவே சேர்க்கும்போது உங்கள் அம்மாவின் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்: என்ன வேலை பார்த்தார், எத்தனை மணிக்கு எழுவார், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், யார் பெயரைச் சொன்னால் முகம் மலரும், எதற்குப் பயம். அதை வாங்கிப் படித்து மேற்கொண்டு கேள்வி கேட்கும் இல்லமா, கோப்பில் செருகிவிட்டு முன்பணத்தைப் பற்றிப் பேசும் இல்லமா என்பதும் உங்களுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டு இல்லங்களுக்கும் ஒரு மாலையும் ஒரு விடுமுறை நாளும் முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். தம்பியையும் கட்டாயம் அழைத்துப்போங்கள். சில நாட்கள் மட்டும் தங்கவைத்துப் பார்க்க இடமுண்டா என்றும் விசாரியுங்கள். எல்லாம் சமமாக இருந்தால், அப்பா யார் துணையுமின்றிப் போய்வரக்கூடிய தூரத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இத்தனை ஆண்டுகள் மனைவியைப் பார்த்துக்கொண்டவருக்குத் திடீரென்று பார்த்துக்கொள்ள யாரும் இல்லாமல் போவது சாதாரண விஷயமில்லை.

கேள்வி: என் கணவருக்கு வயது 71. மறதிநோயில் ஒரு வகையான லூயி பாடி டிமென்ஷியா என்று நரம்பியல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அறையில் சின்னப் பிள்ளைகள் விளையாடுவதாகச் சொல்வார். சில இரவுகளில் கத்துவார், கையை வீசுவார். நாங்கள் பார்த்த இல்லத்தின் மேலாளர், “கவலைப்படாதீங்கம்மா, எங்க டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தா ஒரே வாரத்தில் அமைதியாயிடுவார்” என்றார். இதைக் கேட்டு ஆறுதல் அடைவதா, பயப்படுவதா?

பதில்: பயப்படுங்கள் அம்மா. உங்கள் கணவருக்கு இருக்கும் நோயின் பெயரைக் கேட்ட பிறகும் ஒருவர் இப்படிச் சொன்னால், அவர் அந்த நோயைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். லூயி பாடி டிமென்ஷியா உள்ளவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற, மனநோய்க்குத் தரப்படும் ஆன்டிசைக்கோடிக் மருந்துகள் மிகக் கடுமையாக வேலை செய்யக்கூடும். உடல் விறைத்துப்போவது, எழுப்ப முடியாத மயக்கம், குழப்பம் பன்மடங்காவது முதல் உயிராபத்து வரை நேர்ந்ததுண்டு. உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் இதைத் தெளிவாக எழுதி வாங்கி, சேர்க்கைக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள். ஒரு பிரதி உங்கள் கைப்பையிலும் இருக்கட்டும், நள்ளிரவில் வேறு மருத்துவமனைக்கு அழைத்துப்போக நேர்ந்தால் உதவும்.

மற்ற வகை மறதிநோய்களிலும் இந்த மருந்துகள் விளையாட்டுப் பொருள் அல்ல. மறதிநோயுள்ள முதியவர்களிடம் இவை இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்ற எச்சரிக்கையை மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் புதிய வகை மருந்துகளுக்கும், 2008இல் பழைய வகை மருந்துகளுக்கும் உத்தரவிட்டது. ஒருபோதும் தரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் அளவுக்குப் போகும்போது, வேறு வழிகள் பலிக்காதபோது, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு மருத்துவர்கள் தருவார்கள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆறு வாரத்துக்கு ஒரு முறையேனும் மருந்து இன்னும் தேவையா என்று மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. நீங்கள் பார்க்கும் இல்லத்தில், குடும்பத்தைக் கேட்காமல் இம்மருந்துகளைத் தொடங்குவார்களா, தொடங்கினால் யார் எப்போது நிறுத்துவார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் நேரான பதில் வேண்டும்.

கத்துவதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், அதை வாயால் சொல்லத்தான் அவர்களுக்கு முடியாது. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பல்வலி, காலில் கடிக்கும் செருப்பு, மின்கலம் தீர்ந்த செவிப்புலன் கருவி என்று நான் கண்டுபிடித்த காரணங்களை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. நார்வேயில் 18 இல்லங்களைச் சேர்ந்த 352 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், வலிக்கு முறையாக மருந்து கொடுத்த குழுவினரிடம் எட்டு வாரங்களில் பதற்றமும் கத்தலுமான நடத்தை சராசரியாக 17 விழுக்காடு குறைந்திருந்தது. கொடுத்தவற்றில் முக்கியமானது சாதாரணப் பாராசிட்டமால். ஆகவே, “திடீரென்று ஒருவர் கத்தத் தொடங்கினால் முதலில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுவிட்டு, பதிலில் ‘மாத்திரை’ முதலில் வருகிறதா, ‘பரிசோதனை’ முதலில் வருகிறதா என்று பாருங்கள்.

விளையாடும் பிள்ளைகளைப் பற்றி: அவர்களைப் பார்த்து உங்கள் கணவர் பயப்படாதவரை அவர்கள் அங்கேயே விளையாடட்டும். இல்லை என்று வாதிடாமல் இருக்கும் இல்லமாகப் பாருங்கள்.

கேள்வி: என் அப்பா தலைமை ஆசிரியராக இருந்தவர். தமக்கு எந்த நோயும் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறார். இல்லம் என்ற சொல்லை எடுத்தாலே கோபம் வருகிறது. இடம் பார்த்து முடிவு செய்துவிட்டோம். எப்படி அழைத்துப்போவது, என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. பொய் சொல்லி அழைத்துப்போவது அவருக்குச் செய்யும் துரோகம் என்று அக்கா அழுகிறார். உறவினர்களோ, பெற்ற அப்பாவைக் கொண்டுபோய்த் தள்ளுகிறோம் என்கிறார்கள்.

பதில்: அப்பா பிடிவாதம் பிடிக்கவில்லை. தமக்கு நோய் இருப்பதை உணரும் பகுதியையே இந்த நோய் பாதிப்பதுண்டு. மருத்துவத்தில் இதற்கு ‘அனோசோக்னோசியா’ என்று பெயர். கை முறிந்தவரிடம் எழுது என்று சொல்வது எப்படியோ, அப்படித்தான் அவரிடம் ஆதாரம் காட்டி ஒப்புக்கொள்ள வைக்க முயல்வதும். எனவே ஒரு மாதத்துக்கு முன்பே உட்கார வைத்துப் பேசி, சம்மதம் வாங்கி, மறுநாள் அவர் அதை மறந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் சித்திரவதை இருவருக்குமே வேண்டாம். நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களின் விஷயம் வேறு. அவர்களிடம் கேட்டு, அவர்களையே அழைத்துப்போய்க் காட்டித்தான் முடிவெடுக்க வேண்டும். அப்பாவின் விஷயத்தில் அந்தக் காலம் கடந்துவிட்டதாகத் தெரிகிறது.

பொய்யைப் பற்றி இத்துறையில் இருப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஜெர்மனியில் டுசெல்டார்ஃப் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் வாசலில் பேருந்தே வராத ஒரு பேருந்து நிறுத்தத்தை அமைத்தார்கள். வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்புபவர்கள் அங்கே போய் உட்காருவார்கள், சற்று நேரத்தில் ஏன் வந்தோம் என்பது மறந்து, அழைக்க வருபவருடன் உள்ளே போய்விடுவார்கள். இதைக் கருணை என்பவர்களும் உண்டு, ஏமாற்று என்பவர்களும் உண்டு. நான் கடைப்பிடித்த வரம்பு இது: அடுத்த நிமிடமே பொய் என்று அவருக்கே தெரிந்துவிடக்கூடியதைச் சொல்வதில்லை, அவருடைய பயத்தைக் கூட்டும் உண்மையை வலிந்து சொல்வதுமில்லை. “கல்யாணத்துக்குப் போகிறோம்” என்று அழைத்துப்போனால் வாசலிலேயே நம்பிக்கை உடைந்துவிடும். “டாக்டர் கொஞ்ச நாள் இங்கே இருந்து உடம்பைத் தேத்திக்கச் சொல்லியிருக்கார்” என்பதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்.

காலையில் அழைத்துப்போங்கள், மாலையில் வேண்டாம். முந்தைய நாளே யாராவது ஒருவர் போய், அவர் பழகிய போர்வை, நாற்காலி, சுவர்க்கடிகாரம், அவர் கையால் எழுதிய ஏதாவது ஒரு நோட்டு ஆகியவற்றை அறையில் வைத்துவிட வேண்டும். குடும்பமே வண்டி கட்டிக்கொண்டு போகாமல் ஒருவரோ இருவரோ போனால் போதும்; கண்ணீர் வரும் என்று தெரிந்தவர் வீட்டிலேயே இருப்பது நல்லது. உணவு வேளையை ஒட்டி, பணியாளர் ஒருவர் அவரைப் பந்திக்கு அழைத்துக்கொண்டதும், நீண்ட விடைபெறல் ஏதும் இல்லாமல் கிளம்பிவிடுங்கள். தலைமை ஆசிரியராக இருந்தவர் என்பதைப் பணியாளர் அனைவருக்கும் தெரியப்படுத்தி, ‘சார்’ என்றே அழைக்கச் சொல்லுங்கள். ‘தாத்தா’ என்ற சொல்லில் அன்பு இருந்தாலும் அவருக்கு அது யாரையோ கூப்பிடுவதாகத்தான் கேட்கும். முதல் சில வாரங்கள் மோசமாகத்தான் இருக்கும். இடம் மாறினால் குழப்பம் கூடுவது இயல்பு. முதல் பதினைந்து நாட்கள் யாரும் வரக்கூடாது என்று சில இல்லங்கள் விதி வைத்திருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த அந்தச் சட்டையை நான் ஏற்பதில்லை. தினமும் வந்தால் அமைதியடைபவரும் உண்டு, வந்துபோன பிறகு ஒரு நாள் முழுதும் தவிப்பவரும் உண்டு. இரண்டு மூன்று வருகைகளில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

குறை சொல்லும் உறவினர்களை ஒரு வாரம் வந்து இரவில் அப்பாவுடன் இருக்கச் சொல்லுங்கள். ஒன்று உங்களுக்குத் துணை கிடைக்கும், இல்லாவிட்டால் பேச்சு நிற்கும்.

கேள்வி: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: கட்டணத்தை எல்லோரும் பார்ப்பார்கள். கட்டணத்துக்குள் எது அடங்காது என்பதைப் பாருங்கள்: டயப்பர், கையுறை, மருந்து, மருத்துவமனைத் துணை, தனி உதவியாளர் ஆகியவை மாதாமாதம் சேர்ந்து கட்டணத்தையே எட்டிப்பிடித்துவிடும். மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் முழுக் கட்டணமா, கட்டண உயர்வுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, வைப்புத்தொகை எந்தச் சூழ்நிலையில் எத்தனை நாளில் திரும்பும் என்பனவெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்வார்த்தை உதவாது.

இவற்றைவிட முக்கியமானது வெளியேற்றும் விதி. ‘நோயாளியின் நிலை எங்கள் பராமரிப்புக்கு அப்பாற்பட்டால்’ என்ற வரி அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். எது அப்பாற்பட்ட நிலை? அடிப்பதா, படுத்த படுக்கையாவதா, விழுங்க முடியாமல் போவதா? யார் முடிவு செய்வார்கள்? இந்த நோயில் இறுதிக் கட்டம் என்பது உறுதியாக வரும் ஒன்று. அப்போது இல்லமே பார்த்துக்கொள்ளுமா, ஆம்புலன்ஸை அழைத்துவிடுமா என்று இப்போதே கேட்பதில் தவறில்லை. விழுங்குவது கடினமாகும்போது வயிற்றில் குழாய் பொருத்தித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் இடங்கள் இருக்கின்றன. நோய் முற்றியவர்களுக்குக் குழாய் வழி உணவு ஆயுளை நீட்டுவதில்லை, புரையேறி நுரையீரல் கெடுவதையும் தடுப்பதில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. ஒருவருக்கு ஒரு வேளை ஊட்ட அரைமணி நேரம்கூட ஆகலாம். அந்த அரைமணிக்கு ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கேள்வி: பெரியம்மாவை இல்லத்தில் சேர்த்து ஓராண்டாகிறது. எனக்கு அவர் பெற்ற தாய் போல. இப்போது என்னை யாரென்று தெரியவில்லை. போய்விட்டு வந்த பத்தாவது நிமிடம் நான் வந்ததே அவருக்கு நினைவிருப்பதில்லை என்று பணியாளர்கள் சொல்கிறார்கள். நல்ல இல்லம்தான். பிறகு நான் போவதில் என்ன பயன்?

பதில்: நீங்கள் வந்ததுதான் மறக்கிறது; வந்ததால் ஏற்பட்ட மகிழ்ச்சி அவ்வளவு விரைவில் கலைவதில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் செய்து 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அல்சைமர் நோயுள்ள 17 பேருக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். சற்று நேரத்தில் என்ன பார்த்தோம் என்பது அவர்களுக்கு ஏறக்குறைய மறந்துவிட்டது. ஆனால் பார்த்ததால் உண்டான சோகமும் மகிழ்ச்சியும் அரைமணி நேரம் வரை அப்படியே இருந்தன. பெரியம்மாவின் பிற்பகல் நல்லவிதமாகக் கழிந்தால் அது எதனால் என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. “நான் யார் சொல்லுங்க பார்ப்போம்” என்று மட்டும் கேட்காதீர்கள். பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே போங்கள், பக்கத்தில் உட்காருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி ஆள் வந்துபோகும் நோயாளியிடம் பணியாளர்களின் கவனமும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். எவ்வளவு நல்ல இல்லத்திலும் இது உண்மை. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் போகாதீர்கள். கையைப் பிடித்திருக்கும்போதே நகங்கள் வெட்டியிருக்கின்றனவா, இடுக்கில் அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மூக்குக்கண்ணாடி அவருடையதுதானா என்று பாருங்கள், மாறிப்போவது சகஜம். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்செட்டைப் பாருங்கள். பெரும்பாலும் படுக்கையில் இருப்பவர் என்றால் குதிகாலையும் இடுப்பெலும்பின் அடிப்பகுதியையும் பார்க்கத் தவறாதீர்கள், அழுத்தினாலும் மாறாத சிவப்பு படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி. மாத எடைப் பதிவேட்டைக் கேட்டு, போன மாத எண்ணையும் இந்த மாத எண்ணையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, வெளியே வரும்போது அன்று பணியிலிருக்கும் பெண்ணின் பெயரைக் கேட்டுவிட்டு வாருங்கள். அடுத்த முறை அவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டுமல்லவா.